ஆடி மாதத்துப் பை

12 ஜனவரி 2024, வெள்ளி

என் பெயர் அரப்பளி. இதை எழுதியது நான்.

13 ஜனவரி, சனி

நேற்று எழுதியது இன்றும் அப்படியே இருக்கிறது. விடிந்ததும் நோட்டைத் திறந்து அதைத்தான் முதலில் பார்த்தேன்.

17 ஜனவரி, புதன்

பொங்கல் முடிந்தது. இந்த நோட்டைக் கொடுத்தது சங்கீதா. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற பெண். தினம் ஒரு வரியாவது எழுத வேண்டும், நடந்ததை எழுத வேண்டும் என்றாள். வகுப்பில் பதினொரு பேர். அதில் ஆண் நான் ஒருவன்தான். என் மனைவி பொன்னம்மாளும் இரண்டு நாள் கூட வந்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். "நீங்க படிச்சு எனக்குச் சொல்லுங்க. ஒரு ஊட்டுக்கு ஒரு டார்ச்லைட் போதும்" என்றாள்.

எனக்கு எழுபது வயது இருக்கும். இவ்வளவு எழுதுவதற்குள் அடுப்பில் வைத்த சாமை வெந்துவிட்டது. கை வலிக்கிறது. நல்ல வலி.

29 ஜனவரி, திங்கள்

தை பதினைந்து. இலை பறிக்கிற நாள்.

என் வேலையை எழுதி வைக்கிறேன். மாரியாயி கோயில் காட்டுக்குள் ஒரு காட்டுக் கருவேப்பிலை மரம் இருக்கிறது. குழம்பில் போடுகிற கருவேப்பிலை அல்ல. இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும். அந்த மரத்தில் 7 என்று தகரம் அடித்திருக்கிறது. அடித்தது பிரிசில்லாம்மா. மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் இலைகளின் எண்ணெயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். போன சித்திரையில் வந்து, ஊர்க்கவுண்டரிடம் அனுமதி வாங்கி, பறிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தாள்.

ஒவ்வொரு தமிழ் மாதமும் பதினைந்தாம் தேதி, வெயில் ஏறுவதற்கு முன், அதே மரத்தில் மூன்று கிலோ பறிக்க வேண்டும். துணிப்பையில் போட்டு, அட்டைச் சீட்டைக் கட்டி, எட்டு மணி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நாமக்கல்லில் அவள் வாங்கிக்கொள்வாள். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு சீட்டு அவளே எழுதி, வரிசையாக அடுக்கிக் கட்டித் தந்திருந்தாள். மேலே இருக்கிற சீட்டை எடுத்துக் கைநாட்டு வைத்துக் கட்டுவது மட்டும்தான் என் பாடு. "ஒரு மாசம் விட்டாலும் என் வேலையில ஓட்டை விழுந்துடும் ஐயா" என்று சொல்லியிருந்தாள். ஒரு மாதமும் விட்டதில்லை.

இன்று கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். பஸ் எனக்காக நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, எல அனுப்பறீங்களா, காட்டைக் கிரயம் பண்ணிக் குடுக்கறீங்களா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கடைசி எழுத்தைப் போட்டு முடித்தேன்.

2 பிப்ரவரி, வெள்ளி

பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் பஸ்ஸின் நிறத்தை வைத்து ஏறினேன்.

15 பிப்ரவரி, வியாழன்

பிரிசில்லாம்மா இன்று என்னைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

இலையைத் தண்ணீரோடு பெரிய கண்ணாடிக் குடுவையில் வேகவைக்கிறார்கள். ஆவி குளிர்ந்த குழாய் வழியாக இறங்கி மறுபடி தண்ணீராகிறது. அந்தத் தண்ணீரின் மேல் எண்ணெய் ஏடு மாதிரி மிதக்கிறது. மூன்று கிலோ இலைக்கு ஒரு பாட்டில் மூடி நிறைகிற அளவுதான். நான் வியர்க்க வியர்க்கப் பறித்ததெல்லாம் அந்த மூடிக்குள்.

அடுத்த அறையில் ஒரு பெட்டி. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய குழாய் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறதாம், முப்பது மீட்டர். ஒரு சொட்டு எண்ணெயை அதில் விட்டால், எண்ணெய்க்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தனித்தனியாகப் பிரிந்து ஓடும். சந்தைக்குப் போகிற கூட்டம் மாதிரி. கை வீசிப் போகிறவர்கள் முன்னால், சுமைக்காரர்கள் பின்னால். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது தாளில் ஒரு மலை விழுகிறது. அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு உயரம். நான் ஒரு வாசம் என்று நினைத்திருந்தது முப்பத்தெட்டு மலை. முதலில் நிற்கிற பெரிய மலைக்கு சபினீன் என்று பெயர். மூன்று தடவை எழுதிப் பார்த்துத்தான் இந்த வரியில் எழுதினேன்.

சித்திரை, வைகாசி, ஆனி, எல்லா மாதத் தாளிலும் மலைகள் ஒரே மாதிரி. ஆடித் தாளில் மட்டும் முன்னால் இருக்கிற பெரிய மலை சிறுத்து, கடைசியில் ஒரு மலை ஓங்கி நிற்கிறது. சுமைக்காரர்கள்.

அப்புறம் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கொசுப்புழு. மற்ற மாத எண்ணெய் விட்ட கிண்ணங்களில் ஆறு, ஏழு செத்திருந்தன. ஆடி எண்ணெய்க் கிண்ணத்தில் இருபத்தைந்தும். இந்த ஆடி எண்ணெயைக் கொஞ்சம் தெளித்தாலே தொட்டித் தண்ணீரில் கொசு பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம், டெங்கு வருகிற ஊர்களுக்கு உதவும் என்று சொல்லிக்கொண்டே போனாள். வாங்கிவைத்த டீ அவளுக்கும் ஆறியது, எனக்கும் ஆறியது. "ஆடி மாசத்துல அந்த மரத்துக்குள்ள என்னமோ நடக்குது ஐயா" என்றாள்.

சீட்டுகளை ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மரம் எண் 7. மாரியாயி கோயில் காடு. பறித்தவர் அரப்பளி. என் பெயர் எனக்கே தெரியாமல் பத்து மாதமாக மலை இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சிரித்தேன். அடுத்த தாள், அடுத்த தாள் என்று புரட்டினேன்.

ஆடி 15. மரம் எண் 7. மாரியாயி கோயில் காடு. பறித்தவர் அரப்பளி. கீழே நீல மையில் என் கட்டைவிரல்.

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

16 பிப்ரவரி, வெள்ளி

எழுதவில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நடந்ததை எழுத வேண்டும் என்றுதானே சங்கீதா சொன்னாள்.

போன ஆடி இரண்டாம் செவ்வாய் கோயிலில் காப்புக் கட்டினார்கள். கட்டியது முதல் அவிழ்க்கிற வரை ஒன்பது நாள். அதுவரை கோயில் காட்டில் ஒரு இலை ஒடிக்கக் கூடாது, பச்சைக் குச்சி முறிக்கக் கூடாது. ஆடு மாடு உள்ளே போகக் கூடாது. ஆடி பதினைந்து அந்த ஒன்பது நாளுக்குள் விழுந்தது. பையோடு காட்டு எல்லை வரைக்கும் போய் நின்றேன். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. பறிக்காவிட்டால் அவள் வேலையில் ஓட்டை. உள்ளே போனால் சாமி குற்றம்.

திரும்பி வந்தேன். எங்கள் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒரு காட்டுக் கருவேப்பிலை நிற்கிறது. அதே ஜாதி மரம். இடுப்பு உயரத்திலேயே இலை அடர்ந்திருக்கும். ஆடுகள் மற்ற மரங்களை எல்லாம் கழுத்து எட்டுகிற வரை மொட்டையடிக்கும். அதை மட்டும் தொடாது. அதில் மூன்று கிலோ பறித்தேன். மேலே இருந்த சீட்டைக் கட்டினேன். கட்டைவிரலை வைத்தேன். பஸ்ஸில் கொடுத்தேன். காட்டுக் கருவேப்பிலைதானே கேட்டாள்? அதைத்தானே கொடுத்தேன்?

இல்லை. பறிக்கும்போதே தெரிந்தது. வாசம் வேறு. கோயில் மரம் சட்டென்று ஏறும், சட்டென்று போகும். பட்டி மரம் மெதுவாக வரும், வந்தால் சாயங்காலம் வரை கையை விடாது. தெரிந்துதான் கட்டினேன்.

ஆடி மாதத்தில் அந்த மரத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

21 பிப்ரவரி, புதன்

பொன்னம்மாள் நோட்டைப் படிக்கச் சொன்னாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். விரல் வைத்துப் படித்தேன். பஸ் கண்டக்டர் கதைக்குச் சிரித்தாள். பெட்டி, மலை எல்லாம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வந்ததும் முணுமுணுவென்று ஏதோ சொல்லிவிட்டுக் கீழே போனேன்.

"இங்க ஒரு பக்கம் தாண்டிட்டீங்க" என்றாள். "வெரலு எறங்குச்சு, வாயி எறங்கலை."

ஆடு மேய்த்த கதை, ஒன்றுமில்லை என்றேன்.

"பட்டி மரத்துல எல பறிச்ச கதையா? அன்னைக்கு நான் பட்டிக்குள்ளதான் கூட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ளைகிட்டச் சொன்னீங்களா?"

சொல்கிறேன் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.

27 பிப்ரவரி, செவ்வாய்

மாசி பதினைந்து. கோயில் மரம், மூன்று கிலோ. சீட்டில் சொல்லியிருப்பதும் பைக்குள் இருப்பதும் ஒன்று. இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கட்டினேன்.

28 ஏப்ரல், ஞாயிறு

பன்னிரண்டு மாதமும் முடிந்தது. பிரிசில்லாம்மா வந்தாள். இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். மலைப்பழம் வைத்தேன். வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவள் ஆராய்ச்சிப் புத்தகத்தில் முதலில் ஒரு நன்றிப் பக்கம் வருமாம். எழுத்து சரியா என்று பார்க்கச் சொன்னாள். "திரு. அரப்பளி, குண்டூர் நாடு, கொல்லிமலை." அச்செழுத்து. திரு என்று போட்டிருக்கிறது.

சரியாக இருக்கிறது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

29 ஏப்ரல், திங்கள்

அந்தத் தாளை எட்டுத் தடவை படித்தேன்.

23 ஜூன், ஞாயிறு

ஒரு ஆடியை வைத்து முடிவு சொல்ல முடியாது, அதே மரம், அதே தேதி, இன்னொரு தடவை செய்து காட்டு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். அனுமதி கேட்க இன்று ஊருக்கு வந்தாள். கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் கதிரேசன் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் அவள் பக்கத்தில் நின்றேன். பெண்கள் அந்தப் பக்கம். பொன்னம்மாள் அங்கே இருந்தாள்.

அவள் கோப்பைத் திறந்து, போன வருடம் ஆடி பதினைந்தாம் தேதி ஏழாம் மரத்தில் பறித்த மாதிரியே இந்த வருடமும் பறிக்க வேண்டும் என்று படித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கதிரேசன் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"ஆடி பதினஞ்சுன்னா காப்புக்குள்ளயல்ல வருது" என்றார். கோப்பை வாங்கி என்னிடம் நீட்டினார். "ஏனப்பா அரப்பளி, இது உன் வெரலா?"

"என் வெரல்தான்" என்றேன்.

அது பொய்யில்லை. விரல் என்னுடையதுதான்.

பொன்னம்மாள் எழுந்தாள். நான் அவளைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டாள்.

தீர்ப்பு: காப்புக் கட்டுகிற அன்று நான் நனைந்த வேட்டியோடு சாமி முன்னால் நிற்க வேண்டும். இந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து மாவிளக்கு எடுக்கக் கூடாது. பிரிசில்லாம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்த வழக்கம் தனக்குத் தெரியாது, தன்னால்தான் ஐயாவுக்கு இப்படி ஆயிற்று என்று கதிரேசனிடம் மன்னிப்புக் கேட்டாள். காப்புக்கு முன்னாலேயே, ஆடி பதினொன்றில் பறித்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னம்மாள் சொன்னாள்: "முப்பத்தாறு வருசமா எடுக்கறேன். காலு ஒடிஞ்ச வருசங்கூடக் கோலு ஊனிக்கிட்டுப் போயி எடுத்தேன். பறிக்காத எலைக்கு என் தட்டை எதுக்குங்க கவுக்கறாங்க?"

உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் நாலு வருடப் படிப்பு போய்விடும், அவளுக்காகத்தான் என்றேன்.

"நோட்டுலயும் அப்புடித்தான் எழுதுவீங்களா?"

எழுதினேன். அவளுக்காகத்தான்.

27 ஜூலை, சனி

ஆடி பதினொன்று. பிரிசில்லாம்மாவே வந்து ஏழாம் மரத்தில் பறித்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணைப் பார்க்க அவளுக்குச் சங்கடம். அவளுக்கு!

30 ஜூலை, செவ்வாய்

மழை. குளத்தில் முங்கி எழுந்து நனைந்த வேட்டியோடு நின்றேன். மேளம் தொடங்கி, காப்புக் கட்டி, சூடம் அணைகிற வரைக்கும். என்னைவிடச் சின்னவர்கள் என்னைத் தாண்டிப் போய் விபூதி வாங்கினார்கள்.

நான் காட்டுக்குள் போகவில்லை என்று மாரியாயிக்குத் தெரியும். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. செய்யாத குற்றத்துக்கு அவள் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். செய்த குற்றத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எதற்கு வந்து நிற்கிறாய் என்று அவள் கேட்பது மாதிரி இருந்தது.

6 ஆகஸ்ட், செவ்வாய்

மாவிளக்கு. மற்ற வீட்டுப் பெண்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போனார்கள். பொன்னம்மாள் மிளகுக் கொடிக்கு அணைப்புக் கட்டுகிறேன் என்று எங்கள் காட்டுக்குப் போய்விட்டாள். மிளகுக்கு இன்று ஒரு வேலையும் இல்லை.

9 செப்டம்பர், திங்கள்

பிரிசில்லாம்மா போன் செய்தாள். புழு சாகவில்லையாம். இருபத்தைந்தில் ஏழு. மலைகளும் மற்ற மாதம் மாதிரியேதான். போன வருடத்து ஆடி எண்களை நீயாக எழுதினாயா என்று பேராசிரியர் கேட்டாராம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"நான் எந்த இடத்துல தப்புப் பண்ணினேன்னு தெரியலை ஐயா. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?"

"இல்லீங்கம்மா" என்றேன்.

10 செப்டம்பர், செவ்வாய்

அவளுக்காக என்று ஜூன் மாதம் எழுதியிருக்கிறேன். இன்று எடுத்துப் படித்தேன். அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் அது பொய்.

எனக்காகத்தான். அந்தத் தாளுக்காக. திரு என்று போட்ட அச்செழுத்துக்காக. எழுபது வருடம் பெயர் காதில் மட்டும் விழுந்தது. ஒரு புத்தகத்தில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு முப்பத்தாறு வருட மாவிளக்கைக் கொடுத்தேன். இப்போது அந்தப் பெண்ணையும் கொடுக்கப் போகிறேனா?

எழுதத் தெரியாத காலத்தில் கைநாட்டு வைத்தது ஒன்று. இப்போது படிக்கத் தெரிகிறது. இனி என்ன சொல்லித் தப்பிப்பேன்?

14 செப்டம்பர், சனி

விடியற்காலையில் பட்டி மரத்தில் மூன்று கிலோ பறித்தேன். நோட்டு அட்டையைக் கிழித்துச் சீட்டு நானே எழுதினேன். எழுத அரை மணி நேரம் ஆயிற்று. பொன்னம்மாளும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். "பையைத் தூக்க ஆள் வேணுமில்ல" என்றாள்.

கல்லூரியில் சனிக்கிழமை கூட்டம் இல்லை. பிரிசில்லாம்மா தனியாகக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பையை மேசையில் வைத்தேன். சீட்டைக் காட்டினேன். அவள் படித்தாள்.

"போன வருடம் ஆடியில் அனுப்பியது இந்த மரம். 7 இல்லை. காப்புக் கட்டியிருந்ததால் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் பறித்தேன். வாசம் வேறு என்று அன்றே தெரியும். அரப்பளி."

நின்றபடியே இரண்டாம் தடவை படித்தாள். பிறகு உட்கார்ந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னம்மாள் போய் அதை மூடினாள்.

"எலை மாறினது கூடப் பரவாயில்ல ஐயா" என்றாள் பிரிசில்லாம்மா. "ஊர் முன்னாடி என்னாலதான் உங்களுக்கு அவமானம்னு நான் எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? அதையும் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்துட்டீங்களே."

நான் பையின் வாயை அவிழ்த்து வைத்தேன்.

பொன்னம்மாள்தான் சொன்னாள்: "அடிக்கணும்னாலும் அடிச்சுப்போடு கண்ணு. ஆனா அந்த எலையை மோந்து பாரு. ஆடுகூட அதைத் தொடாது."

பிரிசில்லாம்மா ஒரு இலையை எடுத்துக் கசக்கினாள். மூக்கின் பக்கத்தில் வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஆடி என்று எழுதிய குட்டி பாட்டிலை எடுத்துத் திறந்தாள். இதை முகர்ந்தாள், அதை முகர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குடுவையை எடுத்து அடுப்பில் வைத்தாள். ஆடு உண்மையிலேயே அந்த மரத்தைத் தொடாதா என்று கேட்டாள். பொன்னம்மாள் பதில் சொன்னாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

புறப்படும்போது அந்த நன்றித் தாளை மேசையில் வைத்தேன். எடுத்துக் கோப்புக்குள் போட்டுக்கொண்டாள்.

15 செப்டம்பர், ஞாயிறு

கதிரேசன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலையை மென்று முடித்தார்.

"காப்பை முறிச்சவனுக்குத் தண்டனை இருக்குது. முறிச்சேன்னு பொய்யாத் தண்டனை வாங்கினவனுக்கு என்ன செய்யறதுன்னு எங்கப்பன் எனக்குச் சொல்லித் தரலை" என்றார். அவர் சிரிக்கவில்லை. வாசல் வரை வந்து, "உன் ஊட்டுக்காரி அன்னைக்கு எந்திரிச்சா. நானும் பாத்தேன். அவளைக் கேட்டிருக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

வருகிற ஆடியில் பொன்னம்மாள் மாவிளக்கு எடுக்கலாம்.

22 நவம்பர், வெள்ளி

பட்டி மரத்து எண்ணெய் முடிவு வந்துவிட்டதென்று பிரிசில்லாம்மா சொன்னாள். இருபத்தைந்தில் இருபத்து நாலு. கடைசி மலை ஓங்கி நிற்கிறதாம். ஒரே ஜாதி மரம்தான், ஆனால் உள்ளே வைத்திருக்கிற சரக்கு வேறு. இலையைப் பார்த்தால் தெரியாது, மூக்குக்கும் பெட்டிக்கும்தான் தெரியும் என்றாள். மாதத்தில் ஒன்றும் இல்லை. மரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சரக்குக்குத்தான் ஆடு ஒதுங்குகிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

முதலிலிருந்து ஒரு வருடம் இரண்டு மரத்திலும் பறிக்க வேண்டும். இந்த டிசம்பரில் முடிய வேண்டிய படிப்பு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் போகிறது. அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இதை நான் எழுதாமல் விடக் கூடாது.

பறிக்க வேறு ஆள் பார்க்கிறாயா அம்மா என்று கேட்டேன். "நீங்களே பறிங்க" என்றாள். "சீட்டையும் நீங்களே எழுதுங்க. நான் இனிமே முன்னாடியே எழுதித் தர மாட்டேன்."

பட்டி மரத்தில் 8 என்று தகரம் அடித்தாயிற்று. ஆடுகள் தகரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

30 டிசம்பர், திங்கள்

மார்கழி பதினைந்து. பனி. இரண்டு பை, இரண்டு சீட்டு. மரம், இடம், தேதி, நேரம், பெயர். விரல் விறைத்து எழுத்து கோணலாக வந்தது. சரியாக இருக்கிறது, அது போதும்.

31 ஜூலை 2025, வியாழன்

ஆடி பதினைந்து. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டியாயிற்று.

காலையில் எட்டாம் மரத்தில் மூன்று கிலோ பறித்துப் பையில் போட்டேன். பிறகு இன்னொரு பையை எடுத்துக்கொண்டு கோயில் காட்டு எல்லை வரை போனேன். இரண்டு வருடத்துக்கு முன் நின்ற அதே இடம். அங்கேயே கல்லில் வைத்துச் சீட்டை எழுதினேன்.

மரம் எண் 7. மாரியாயி கோயில் காடு. ஆடி 15. காப்புக் கட்டியிருக்கிறது. இலை பறிக்கவில்லை. அரப்பளி.

காலிப் பையில் அதைக் கட்டி எடுத்துவந்தேன். பஸ்ஸில் கொடுத்தபோது அதே கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்தார். "ஏனுங்க, இதுல என்ன, காத்தா?"

"ஆமாங்க. பத்திரமாக் கொண்டுபோய்க் குடுங்க" என்றேன்.

மத்தியானம் பிரிசில்லாம்மா போன் செய்தாள். இரண்டு பையும் வந்துவிட்டதாம். ஏழாம் மரத்துக்கு ஆடிக் கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே காப்பு என்று ஒரு குறிப்பு எழுதப் போகிறாளாம். புத்தகத்தில் ஓட்டையாகத் தெரியாதா அம்மா என்று கேட்டேன்.

"தெரியட்டும் ஐயா" என்றாள்.

நன்றிப் பக்கத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

நேற்று மாவிளக்கு. பொன்னம்மாள் தட்டை எடுத்தாள். கதிரேசன் வீட்டுக்காரி தள்ளி நின்று அவளுக்கு முன்வரிசையில் இடம் விட்டாளாம். இதை நாலு தடவை சொல்லிவிட்டாள்.

இன்று காப்பு அவிழ்த்தார்கள். சாயங்காலம் அவள் மிச்ச மாவிளக்கு மாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படிக்கச் சொன்னாள். எங்கிருந்து என்றேன். "முதல்ல இருந்து" என்றாள். படித்தேன். பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமைப் பக்கம், ஜூன் மாதத்துப் பொய், செப்டம்பர், எல்லாம். ஒரு சொல்லும் விடவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கடைசி வரி வரைக்கும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் மாவைப் பிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தாள். வெல்லம் கொஞ்சம் குறைச்சல் என்றேன்.

"அதையும் எழுதுங்க" என்றாள்.

வெல்லம் கொஞ்சம் குறைச்சல்.